செர்வெல் பிரபுவின் ஒரு பக்கக் கணக்கு

1942 மார்ச் 30 ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலின் மேசைக்கு ஒரு சின்னக் குறிப்பு போய்ச் சேர்ந்தது. ஆறுதலாக வாசித்தாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்காது. எழுதியவர் ஒக்ஸ்போர்டில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த பிரெடரிக் லிண்டமன். முந்தின வருடம்தான் பிரபு பட்டம் கிடைத்து செர்வெல் பிரபு ஆகியிருந்தார், 1942 கடைசியில் அமைச்சரும் ஆகிவிட்டார். குறிப்பில் இருந்த விஷயம் இதுதான்: ஜேர்மன் நகரங்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கும் பகுதிகளில் குண்டு போட்டால் எத்தனை பேரை வீடில்லாமல் ஆக்கலாம்?

கணக்கைப் பாருங்கள். ஒரு குண்டுவீச்சு விமானம் அழிவதற்கு முன் சராசரியாக 14 தடவை போய்வரும். ஒரு தடவைக்கு 3 தொன் சுமக்கும். ஆக, தன் ஆயுளில் ஏறக்குறைய 40 தொன் போடும். ஜேர்மன்காரர் பிரித்தானிய நகரங்களில் போட்ட குண்டுகளை வைத்துப் பார்த்தால், ஒரு தொன் குண்டுக்கு 20 முதல் 40 வீடு இடிகிறது, 100 முதல் 200 பேர் தெருவுக்கு வருகிறார்கள். அப்படியென்றால் ஒரு விமானத்துக்கு 4000 முதல் 8000 பேர். ஒரு இலட்சத்துக்கு மேல் சனம் இருக்கும் ஜேர்மன் நகரங்கள் 58, அவற்றில் இருப்பவர்கள் 2 கோடி 20 இலட்சத்துக்கு மேல். 1943 நடுப்பகுதிக்குள் 10,000 கனரக விமானங்கள் வந்துவிடும், அவை சுமக்கும் குண்டில் பாதி இந்த நகரங்களின்மேல் விழுந்தாலே போதும், பெரும்பான்மையானவர்கள் வீடிழந்து விடுவார்கள்.

பேனையை எடுத்துப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. 10,000 விமானம், தலைக்கு 40 தொன், மொத்தம் 4 இலட்சம் தொன். அதில் பாதி 2 இலட்சம். தொன்னுக்கு 100 பேர் என்றால் 2 கோடி, 200 பேர் என்றால் 4 கோடி. உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் சில பிள்ளைகளோடு பின்னேரங்களில் இருந்து இப்படியான விஷயங்களைப் பேசுவது வழக்கம், அங்கே இதைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பிள்ளை முழுவதையும் கொப்பியில் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சேர், இதிலை பிழை எங்கை இருக்கு?"

"கணக்கிலை பிழை இல்லை, பிள்ளை. கணக்குக்குள்ளை போட்ட இலக்கங்களைப் பார்."

இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்த காரணம் அதுதான். இங்கே எந்த ரியூசன் சென்ரருக்குள் போனாலும் சுவரில் அப்துல் கலாம் சிரித்துக்கொண்டிருப்பார். படித்தவன், அதுவும் விஞ்ஞானம் படித்தவன், ஆட்சியில் இருந்தால் நாடு உருப்படும் என்பது எங்கள் சனத்துக்கு ஊறிப்போன நம்பிக்கை. எனக்கும் அதில் பாதி நம்பிக்கை உண்டு. மற்றப் பாதி ஏன் இல்லை என்பதற்கு லிண்டமனின் கதை நல்ல உதாரணம்.

ஆள் யார்

1886 ஏப்ரல் 5, ஜேர்மனியின் பாடன்பாடன். தாய் அமெரிக்கப் பெண், தகப்பன் இங்கிலாந்தில் குடியேறிய பணக்காரப் பொறியியலாளர், வானியலிலும் பைத்தியம் உள்ளவர். குடும்பம் இருந்தது இங்கிலாந்தில், ஆனால் பிரசவ நேரம் தாய் ஜேர்மனியில் நின்றுவிட்டதால் பிறப்புப் பத்திரத்தில் எதிரி நாட்டின் பெயர் விழுந்துவிட்டது, இதை மனுசன் சாகும்வரை மன்னிக்கவில்லை. பேர்லினில் நேர்ன்ஸ்ட் என்ற விஞ்ஞானியிடம் ஆராய்ச்சி செய்து 1910 இல் கலாநிதிப் பட்டம் வாங்கினார். ஒரு திண்மம் எப்போது உருகும், அணுக்களின் அதிர்வு வீச்சு அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கை எட்டும்போது, என்று அந்த வருடம் அவர் சொன்ன விதி இன்றைக்கும் அவருடைய பெயரிலேயே பாவனையில் இருக்கிறது. 1911 இல் பிரசெல்சில் நடந்த முதலாவது சொல்வே மாநாட்டில் பிளாங்க், ஐன்ஸ்டீன், மேரி கியூரி எல்லோரும் இருந்த மண்டபத்தில் செயலாளர்களில் ஒருவராக இருந்தார். ஆக, அரைகுறை ஆள் என்று ஒதுக்க முடியாது.

முதலாம் உலகப்போர் காலத்தில் பார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி. அந்த நாளில் விமானம் சுழன்றுகொண்டு விழத் தொடங்கினால் விமானியின் கதை அநேகமாக முடிந்த மாதிரி. லிண்டமனுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு, அப்படியிருந்தும் விமானம் ஓட்டப் பழகி, வேண்டுமென்றே விமானத்தைச் சுழலவிட்டு, சுழன்று இறங்கும்போதே கருவிகளின் வாசிப்புகளை மனதில் பதித்துக்கொண்டு வந்து இறங்கியபின் எழுதி வைத்தார். தன் கணக்கில் தன் உயிரையே வைத்துப் பார்த்த ஆள். பிறகு வந்த லிண்டமனை நினைக்கும்போது இந்த லிண்டமனையும் மறக்கக் கூடாது.

1919 இல் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் பதவி. அதற்குச் சிபாரிசு செய்தவர் ஹென்றி டிசார்ட் என்ற விஞ்ஞானி, பேர்லின் காலத்து நண்பர். 1933 இல் ஹிட்லர் வந்ததும் லிண்டமன் ஜேர்மனிக்குப் போய், வேலை பறிபோன யூத விஞ்ஞானிகளைத் தேடிப் பிடித்து, ஒரு இரசாயனக் கம்பனியின் பணத்தில் ஒக்ஸ்போர்டுக்குக் கொண்டுவந்தார். பிரான்சிஸ் சைமன், குர்ட்டி, மென்டல்சன் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். தூசி படிந்து கிடந்த கிளாரண்டன் ஆய்வுகூடம் தாழ்வெப்பநிலைப் பௌதிகத்தில் பெயர் எடுத்தது இவர்களால். கலியாணம் செய்யவில்லை, மது தொடுவது அபூர்வம், மச்சம் சாப்பிடமாட்டார், முட்டையின் வெள்ளைக்கருவும் சீஸும் ஒலிவ் எண்ணெயும்தான் சாப்பாடு. இப்படி ஒரு மனுசனும் விடியவிடியப் பிராந்தியும் சுருட்டுமாக இருந்த சேர்ச்சிலும் 1921 இல் சந்தித்து உயிர்ச் சிநேகிதர் ஆனார்கள் என்பது விளங்காத புதிர்தான்.

1930களில் சேர்ச்சில் பதவி இல்லாமல் ஓரம்கட்டப்பட்டு இருந்தார். அப்போதும் லிண்டமன் கூடவே நின்றார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு நடந்ததற்கெல்லாம் அடித்தளம் இந்த விசுவாசம்தான்.

இரண்டு நண்பர்கள் முறுகியது

பேர்லினில் இருந்தபோது டிசார்ட்டும் லிண்டமனும் குத்துச்சண்டை பழகியிருக்கிறார்கள். டிசார்ட் ஆள் சின்னன், ஆனால் கை வேகம். அடி வாங்கியதும் லிண்டமனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டதாம், இனி உன்னோடு விளையாடமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக டிசார்ட் பிற்காலத்தில் எழுதி வைத்தார். அதற்காக முப்பது வருடப் பகைக்கு ஒரு குத்துச்சண்டைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை.

உண்மையான முறுகல் 1935 இல். விமானத் தாக்குதலில் இருந்து நாட்டைக் காப்பது எப்படி என்று ஆராய டிசார்ட் தலைமையில் ஒரு குழு. உறுப்பினர்களில் பிளக்கெட், ஏ.வி. ஹில் போன்ற விஞ்ஞானிகள். பெப்ரவரி 26 இல் டவென்ட்ரியில் வானொலி அலையை வைத்து விமானத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வெற்றி. அதுதான் ரேடாரின் தொடக்கம். குழு தன் முழுப் பலத்தையும் அதில் போட நினைத்தது. சேர்ச்சிலின் அழுத்தத்தால் அந்த வருட நடுப்பகுதியில் லிண்டமன் உள்ளே வந்தார். ரேடார் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடிப்பது, பரசூட்டில் தொங்கும் கண்ணிவெடிகளை வானத்தில் போடுவது என்று தன்னுடைய யோசனைகளுக்கும் அதே முன்னுரிமை வேண்டும் என்று நின்றார். பிறகு குழுவின் முதுகுக்குப் பின்னால் அரசியல்வாதிகளிடம் போனார். 1936 இல் பிளக்கெட்டும் ஹில்லும் ராஜினாமா செய்தார்கள், குழு கலைக்கப்பட்டு லிண்டமன் இல்லாமல் திரும்பக் கூட்டப்பட்டது.

1940 இல் சேர்ச்சில் பிரதமர். இப்போது ஆட்டம் தலைகீழ். டிசார்ட் வெளியே, லிண்டமன் பிரதமரின் பக்கத்து அறையில். இருபது பேர் அளவில் ஒரு சின்னப் புள்ளிவிபரப் பிரிவு, பெரும்பாலும் இளம் பொருளியலாளர்கள், மற்ற அமைச்சுகளின் இலக்கங்களை எல்லாம் வாங்கி அலசி, வரைபாக்கி, ஒரு பக்கத்துக்குள் சுருக்கிச் சேர்ச்சிலுக்குக் கொடுப்பார்கள். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு அது. பெரிய பெரிய அறிக்கைகளுக்குள் அமைச்சுகள் ஒளித்து வைத்த குறைகளை இந்தப் பிரிவு தோண்டி எடுத்தது. பிழை என்னவென்றால், அந்தப் பக்கத்தை எழுதுகிற ஆளின் இலக்கத்தைச் சரிபார்க்க இன்னொரு பிரிவு இருக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் நினைவுக்கு வருகிறார். உரும்பிராயில் பிறந்த செ. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், ஒக்ஸ்போர்டில் படித்தவர், 1947 இல் சுயேச்சையாக வவுனியாவில் வென்று முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர் ஆனவர். மலையகத் தமிழரின் குடியுரிமைச் சட்ட விவகாரத்தில் 1948 இல் பதவியை விட்டுவிட்டு வந்தார். அவருடைய அரசியலை ஒத்துக்கொள்பவர்களும் திட்டுபவர்களும் இங்கே நிறைய. ஆனால் அவருக்குக் கால் ஊன்ற ஒரு தொகுதி இருந்தது, எழும்பிப் போகலாம். செர்வெலுக்கு வாக்களித்தவர் ஒரே ஒருவர், அவர் பெயர் சேர்ச்சில்.

குறிப்பும் எதிர்ப்பும்

1941 ஓகஸ்ட்டில் பட் என்பவர் எழுதிய அறிக்கையில் இருந்து தொடங்க வேண்டும். இரவில் போகும் விமானங்கள் இலக்கை அடிக்கின்றனவா என்று 600க்கு மேற்பட்ட புகைப்படங்களை ஆராய்ந்ததில், இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே போயிருந்தது. ஜேர்மனியின் தொழிற்சாலைப் பகுதியான ரூரில் பத்தில் ஒன்று. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு வைத்த குறி மானிப்பாயில் விழுந்தாலும் அது வெற்றிக் கணக்கில் சேரும் என்ற அளவு. இந்த ஆய்வைச் செய்வித்தது யார்? லிண்டமனேதான். விமானப்படையின் பொய்யை உடைத்தவர் அவர்.

அதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். குறி பார்க்க முடியாத ஆயுதத்துக்கு இவ்வளவு பணமும் உயிரும் செலவழிக்கலாமா என்பது ஒன்று. குறி பார்க்க முடியாவிட்டால் தவறவே முடியாத பெரிய இலக்கை எடுப்போம், அதாவது முழு நகரத்தையும், என்பது மற்றது. அரசாங்கம் இரண்டாவதை எடுத்தது. 1942 பெப்ரவரி 14 இல் நகரப் பகுதிகளைத் தாக்கும் கட்டளை வந்துவிட்டது, ஒரு கிழமையில் ஹரிஸ் குண்டுவீச்சுப் படைக்குத் தளபதியானார், மார்ச் 28 இரவு ஜேர்மன் நகரமான லூபெக் எரிந்தது. செர்வெலின் குறிப்புக்கு இரண்டு நாள் முன்னம்! ஆகவே நகரங்களை எரித்த பாவம் முழுக்க இந்த ஒரு தாளில்தான் என்று சொல்பவர்கள் திகதியைப் பார்ப்பதில்லை. ஏற்கனவே எடுத்த முடிவுக்கு இலக்கம் கொடுத்ததுதான் இந்தத் தாளின் வேலை. விமானம் கட்ட இவ்வளவு செலவா, அவற்றைக் கடலுக்கு அனுப்பினால் என்ன என்று கேள்விகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது.

குறிப்பு டிசார்ட்டின் கைக்குப் போனது. அவர் குண்டுவீச்சுக்கே எதிரி இல்லை, அதை வெளிப்படையாகவே எழுதினார். அவருடைய தகராறு இலக்கங்களோடு. 10,000 விமானம் வராது, 7,000 வந்தால் பெரிது. பாதிக் குண்டு நகரத்தில் விழும் என்பது நடக்காது, கால்வாசியைத்தான் நம்பலாம். மொத்தத்தில் செர்வெலின் எண்ணிக்கை ஐந்து மடங்கு அதிகம் என்றார். கடற்படையில் இருந்த பிளக்கெட் தனியாகப் போட்ட கணக்கில் ஆறு மடங்கு அதிகம். நீண்ட தூரம் பறக்கும் விமானங்களை நீர்மூழ்கிகளுக்கு எதிராக அத்திலாந்திக்கில் விட்டால் பலன் பல மடங்கு என்பது பிளக்கெட்டின் வாதம், அது பிற்பாடு சரியாகவும் வந்தது. போர் முடிந்து எழுதியவர்கள், குறிப்பாக விஞ்ஞானியும் நாவலாசிரியருமான சி.பி. ஸ்னோ, பத்து மடங்கு பிழை என்றார்கள். சேர்ச்சில் யாரை நம்பினார் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, என்ன நடந்தது? 1943 யூலைக் கடைசியில் ஹம்பேர்க்கில் ஏறக்குறைய 37,000 பேர் எரிந்து போனார்கள், ஒன்பது இலட்சம் அளவில் ஊரைவிட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகும் ஜேர்மன் ஆயுத உற்பத்தி 1944 நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டுதான் இருந்தது. போர் முடியும்போது குண்டுவீச்சில் செத்த ஜேர்மன் பொதுமக்கள் குறைந்த மதிப்பீட்டிலும் மூன்று இலட்சத்துக்கு மேல், பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் செத்தவர்கள் 55,573 பேர்.

குறிப்பின் முடிவுக்குக் கிட்ட ஒரு வசனம் உண்டு. வீடு இடிபடுவதுதான் மனத்தை அதிகம் உடைக்கிறது, நண்பரோ உறவினரோ கொல்லப்படுவதைவிட அதைத்தான் மக்கள் பெரிதாக எடுக்கிறார்கள் போல் தெரிகிறது, என்ற பொருளில். இதை யாழ்ப்பாணத்தில் நாற்பத்தைந்து வயது தாண்டிய யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். சகடை என்று நாங்கள் சொன்ன குண்டுவீச்சு விமானம் வரும் இரைச்சலுக்குப் பங்கருக்குள் ஓடியவர்கள், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நகர்ந்தவர்கள், திரும்பி வந்தபோது கூரையும் கதவும் நிலையும் இல்லாத சுவர்களைப் பார்த்தவர்கள். வீடு போனதைப் பற்றி மணித்தியாலக் கணக்கில் கதைப்பார்கள், எந்த வருடம் எந்த ஓடு என்றுகூடச் சொல்வார்கள். பிள்ளை போனதைப் பற்றிக் கதைக்கவே மாட்டார்கள். வெளியிலிருந்து எண்ண வருபவனுக்கு எது பெரிய இழப்பாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கப்பலும் அரிசியும்

1943 சனவரியில் இந்து சமுத்திரத்துக்குப் போகும் கப்பல்களைப் பெருமளவு குறைத்து, பிரித்தானியாவுக்கான இறக்குமதிக்குத் திருப்ப முடிவெடுத்தார்கள். சேர்ச்சிலுக்கு அந்த யோசனையைக் கொடுத்ததில் செர்வெலின் பிரிவுக்குப் பெரிய பங்கு. இந்தச் சமுத்திரத்தைச் சுற்றியுள்ள நாடுகளின் வர்த்தகம் நிலைகுலையும் என்று போக்குவரத்து அமைச்சுத் தரப்பு எச்சரித்திருந்தது. அந்த வருடமே வங்காளப் பஞ்சம். ஒரு காரணத்தால் வந்த பஞ்சம் அல்ல அது: பர்மா யப்பானிடம் விழுந்து அரிசி நின்றது, 1942 ஒக்டோபரில் புயல், அரசு படகுகளைப் பறித்தது, விலை ஏற்றம், பதுக்கல். 1945 விசாரணைக் குழு 15 இலட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது, பின்வந்த மதிப்பீடுகள் 30 இலட்சத்துக்கு மேலும் போகின்றன. தானியக் கப்பல் கேட்டு டெல்லியிலிருந்து வந்த கோரிக்கைகளில் ஒரு பங்குதான் கிடைத்தது, அந்த விவாதங்களில் கப்பல் இல்லை என்ற பக்கத்தில் நின்றவர் செர்வெல்.

இலங்கையும் அந்தக் காலத்தில் பர்மா அரிசியில்தான் பெரும்பாலும் வயிறு வளர்த்தது. 1942 இல் கூப்பன் வந்தது. குரக்கன், மரவள்ளி, ஒடியல் என்று சமாளித்த கதைகளை இங்கே பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அத்திலாந்திக்கில் ஒரு கப்பலை ஏற்றி இந்து சமுத்திரத்தில் ஒரு கப்பலை வெட்டினால் லண்டன் தாளில் மொத்தம் மாறாது.

அவர் சரியாக இருந்த இடம்

இதோடு நிறுத்தினால் ஆளுக்கு அநியாயம். 1940 யூனில் ஜேர்மன் விமானங்கள் வானொலிக் கற்றையைப் பிடித்துக்கொண்டு இருட்டிலும் இலக்குக்கு வருகின்றன என்று ஆர்.வி. ஜோன்ஸ் என்ற 28 வயதுப் பொடியன் சொன்னார், லிண்டமனின் பழைய மாணவன். லிண்டமன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த அலைநீளத்தில் அலைகள் பூமியின் வளைவைச் சுற்றி அவ்வளவு தூரம் வராதே என்றார். ஜோன்ஸ் வேறொரு நிபுணர் முன்பு போட்ட கணக்கைக் காட்டினார், லிண்டமன் உடனே மனம் மாறிச் சேர்ச்சிலிடம் கொண்டுபோனார். யூன் 21 கூட்டத்தில் டிசார்ட் நம்பவில்லை. ஆம், நல்லவராக நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் டிசார்ட்தான். அன்றிரவே ஒரு அன்சன் விமானத்தை அனுப்பித் தேடினார்கள், ஸ்பால்டிங் பட்டினத்துக்கு ஒரு மைல் தெற்கே 400, 500 யார் அகலத்தில் கற்றை ஓடிக்கொண்டிருந்தது. டிசார்ட் பதவி விலகினார்.

பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு, அப்ப டிசார்ட்டைப் பிரதமருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாலும் பிழைத்திருக்குமே என்றார்கள். பிழைத்திருக்கும்தான். இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு ஒன்று. 1940 இல் யார் சரி என்று சண்டை பிடித்த அதே நாள் இரவு ஒரு விமானம் ஏறிப் போய் அளந்துவிட்டு வந்தது. 1942 இலும் அளக்க ஆட்கள் இருந்தார்கள். செர்வெலே கேட்டு, சொலி சக்கர்மன், ஜே.டி. பெர்னல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பேர்மிங்ஹாமிலும் ஹல்லிலும் குண்டு விழுந்த தெருக்களில் சனத்தின் நிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். செர்வெலின் குறிப்பு ஹல் நகரத்தைப் பெயர் சொல்லியே உதாரணம் காட்டுகிறது: பத்தில் ஒரு வீடுதான் இடிந்தது, அதற்கே மனம் தளர்ந்த அறிகுறிகள் தெரிந்தன என்று. ஆய்வாளர்களின் முழு அறிக்கை ஏப்ரல் 8 ஆம் திகதி வந்தது. இரண்டு நகரத்திலும் பீதி அடைந்ததற்கான சான்று எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. குறிப்பு போய் அப்போது ஒன்பது நாள்.